கோ அண்ட் கம், மிஸ்

சன்னலைச் சாத்தாதீங்க, காத்து வரட்டும். உங்களைப் பஸ் ஏத்தித் தாட்டிவிட வந்தாரே, அவரு உங்க வீட்டுக்காரருங்களா? நல்லா வாயாரச் சொன்னீங்க, 'போயிட்டு வர்றேன்'னு. பஸ்ஸு கெளம்பறப்ப ஒரு வாட்டி, திரும்பற எடத்துல தலைய வெளிய நீட்டி இன்னொரு வாட்டி. தப்பா நெனைச்சுக்காதீங்க, மத்தவங்க அதைச் சொல்றப்பக் காது தானா அங்க போயிருது.

நான் சொல்றதில்லீங்க. எங்கிருந்து கெளம்புனாலும் சரி, செருப்பை மாட்டுனன்னா நடந்துருவேன். என்ற மாமியாளுக்கு அதுல பெரிய கோவம். போன நோம்பி விருந்துக்கு அவங்க ஊட்டுக்குப் போயிட்டு அப்படித்தான் எந்திரிச்சு வந்தனுங்க. "சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு இதென்ன எழவு ஊடா?"ன்னு வாசல்ல நின்னு சத்தம் போட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. எழவு வீட்லதானே சொல்லாம வர்றது. அங்க போயி யாராவது போயிட்டு வர்றேன்னு சொன்னாத்தான் அடிக்க வருவாங்க.

பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பேய் பிசாசு நம்பற ஆளில்லை நானு. ஆனா வாயைத் தொறந்து 'போயிட்டு'ன்னு ஆரம்பிச்சன்னா, முதுகுக்குப் பின்னாடி ஒரு சின்னப் புள்ள மீதியைக் கேக்குது. 'கோ அண்ட் கம், மிஸ்?' அப்படீன்னு. திரும்பிப் பாத்தா யாரு இருக்கறா? ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அதனால சொல்றதை விட்டுட்டேன். அவ்வளவுதான் விசயம்.

நான் லாட்வியாவுல படிச்சனுங்க. தெரியாதுங்களா? யாருக்கும் தெரியாது. ரஷ்யாவை ஒட்டுனாப்புல சின்ன நாடு. ஆறு மாசம் பனி, மிச்ச ஆறு மாசம் எப்ப பனி வரும்னு பேசிட்டிருப்பாங்க. உணவுப் பதப்படுத்தற படிப்பு. நான் இருந்த ஊரு பேரு உங்க வாயில நுழையாது, எனக்கே நுழைய ஒரு மாசமாச்சு. அங்க வெளிநாட்டுப் புள்ளைங்க வாரத்துல ரெண்டு நாள் பக்கத்துல இருக்கற பாலர் பள்ளிக்குப் போயி, குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர ஒத்தாசை பண்ணலாம். மார்க்குல சேத்துக்குவாங்க. நான் கோபியில கான்வென்ட்ல படிச்சவ, எனக்கு இங்கிலீஷ் ஒரு பெரிய விசயமா? கையைத் தூக்கிட்டேன்.

டீச்சரு பேரு இல்ஸே. நல்லவதான், ஆனா எதுக்கெடுத்தாலும் ஒரு திருத்தம். குழந்தைங்க என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடணும்னா. நாகேஸ்வரியை நாகான்னு. அஞ்சு வயசுப் பொடுசு என்னை நாகாங்கும், நான் என்னன்னு கேக்கணுமா? மிஸ்ஸுன்னுதான் கூப்பிடணும்னு சொல்லிப்போட்டேன். குழந்தைங்க டக்குனு புடிச்சுக்கிட்டாங்க. மிஸ், மிஸ்னு காலைக் கட்டிக்கும்.

அதுல ஒருத்திதான் லீவா. பேரே அதுதாங்க. நம்மூர்ல போயி 'லீவா'ன்னு கூப்பிட்டா, 'இல்லீங்க, நாளைக்குத்தான் லீவு'ம்பாங்க. வெளுத்த முடி, முன்பல்லு ஒண்ணு இல்லை. மொதல்ல வாயே தொறக்காது. எல்லாரும் ஆப்பிள், பனானா, ரெட், புளூன்னு கத்துவாங்க, இது என் வாயையே பாத்துட்டிருக்கும். நான் விடுவனா? யாரு ஒரு வார்த்தைய நல்லாச் சொன்னாலும் சட்டையில ஒரு ஸ்டார் ஒட்டுவேன். மினுமினுன்னு தங்கக் கலர்ல. ஸ்டாருக்காக அதுவும் பேச ஆரம்பிச்சுது.

சாயங்காலம் அப்பாம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்க. அப்ப இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்னு வெச்சிருந்தோம். இல்ஸே 'பை'ன்னு சொல்லிக் குடுத்திருந்தா. எனக்கு அது ஒப்பலீங்க. பைங்கறதென்ன, போறேன்னு சொல்ற மாதிரிதானே? வாசப்படியில நின்னு ஒரு குழந்தை போறேன்னு சொல்றதைக் கேட்டுட்டு எப்படிங்க நிக்கறது? எங்கம்மா கேட்டா நாக்கைக் கடிச்சுக்கும். அதனால நான் மாத்திப்போட்டேன். 'ஐ வில் கோ அண்ட் கம்.' இல்ஸே சிரிச்சா. இங்கிலீஷ்ல அப்படி யாரும் சொல்றதில்லைன்னா. நாங்க சொல்லுவோம்னேன். இலக்கணம் சரியா இருக்குதா இல்லையா, அதைச் சொல்லுன்னேன். சரி, உன் இஷ்டம்னுட்டுப் போயிட்டா.

குழந்தைங்களுக்கு அது அவ்வளவு புடிச்சுப் போச்சு. ஒரே வார்த்தையாக்கிக் 'கோயன்கம், கோயன்கம்'னு தாழ்வாரமெல்லாம் ஓடும். அப்பறம் அப்பாம்மா கூட்டம் ஒண்ணு வெச்சாங்க. என்னையும் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. நான் எந்திரிச்சு நின்னு வெளாவாரியாச் சொன்னேன். எங்க ஊர்ல போறேன்னு சொல்ல மாட்டோம், போயிட்டு வர்றேன்னுதான் சொல்லுவோம், சொல்லிட்டா அது வாக்கு, சொன்னவங்க எப்பாடு பட்டாவது வந்தே தீரணும்னு. இல்ஸே அவங்க பாஷையில எடுத்துச் சொன்னா. எல்லாரும் கை தட்டுனாங்க. குழந்தைங்களும் கீழ உக்காந்து வாயைப் பொளந்து கேட்டுட்டிருந்தாங்க.

லீவாவோட அம்மா மட்டும் கை தட்டலை. பேரு அக்னெஸே. பின்னல் தொப்பி ஒண்ணு போட்டிருப்பாங்க, ரூமுக்குள்ள ஹீட்டரு அனலாக் கொதிக்கும், அப்பவும் கழட்ட மாட்டாங்க. ஆளு குச்சி. நான் வேற அவங்ககிட்டப் போயி, "எவ்வளவு ஒல்லியா இருக்கீங்க, என்ன சாப்பாடுன்னு சொன்னா நானும் சாப்பிடுவேன்"னேன். சிரிச்சாங்க. ரொம்ப நல்ல சிரிப்புங்க அது.

அதுக்கப்பறம் ஒரு வியாழக்கிழமை காலையில, லீவாவை விடறதுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் வந்தாங்க. வெளிய காரு எஞ்சினை நிறுத்தாம நிக்குது. அக்னெஸே குனிஞ்சு புள்ளையோட சட்டை ஜிப்பை அவுக்கறாங்க, விரலுக்கு ஜிப்பு புடிபடலை. குளிருனாலன்னு நெனைச்சேன். ரொம்ப நேரம் புள்ளையக் கட்டிப் புடிச்சிருந்தாங்க. அப்பறம் எந்திரிச்சு 'அட்டா'ன்னாங்க. அவங்க பாஷையில அட்டான்னா நம்ம டாட்டா மாதிரி.

இவ விடலை. "நோ, மாமா. சே." அங்க அம்மாவைத்தான் மாமாம்பாங்க. சொல்லுன்னு அம்மா கையப் புடிச்சுக்கிட்டா. அவங்க 'பை'ன்னாங்க. "நோ! சே கோ அண்ட் கம்." அவங்க புருசனைப் பாத்தாங்க, அவரு சுவத்தைப் பாத்தாரு. அப்பறம் என்னைப் பாத்தாங்க. நான் என்னங்க பண்ணுவேன், குழந்தை ஆசையாக் கேக்குது. பக்கத்துல போயி, "ரொம்பச் சுலபம், எங்கூடவே சொல்லுங்க"ன்னேன். ஐ. ஐன்னாங்க. வில். வில்லுன்னாங்க. கோ. கோன்னாங்க. அண்ட். அண்ட்னாங்க. அதோட நிறுத்திட்டாங்க.

கடைசி வார்த்தை வர மாட்டேங்குதுங்க. ஒதடு அசையுது, சத்தம் வரலை. அங்க பல பேருக்கு அப்படித்தான், இங்கிலீஷ் பேசறதுன்னாக் கூச்சம். டீச்சரானா விட்டுக் குடுக்கக் கூடாது. "கம். சொல்லுங்க, கம்"னு தட்டிக் குடுத்தேன். சொல்லிட்டாங்க. கண்ணுல தண்ணி நின்னுச்சு. நானும் லீவாவும் கை தட்டுனோம். நல்லாச் சொன்னா ஸ்டார் ஒட்டறது வழக்கமில்லீங்களா, ஒரு ஸ்டாரை எடுத்து அவங்க கோட்டுல நெஞ்சுக்கிட்ட ஒட்டி விட்டேன். அவங்க அதைக் கையால ஒரு வாட்டி தொட்டுப் பாத்துட்டுக் காருக்குப் போயிட்டாங்க.

அவ்வளவுதாங்க. பத்து நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்களாம், அங்கயே முடிஞ்சு போச்சாம். இல்ஸே என்னைச் சமையக்கட்டுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னா. கேன்சராமா. ரெண்டு வருசமாவாமா. பள்ளியில எல்லாருத்துக்கும் தெரியுமாமா. எனக்கு யாராவது சொன்னீங்களான்னு கேட்டேன். பாருங்க, எனக்கு மட்டும் சொல்லலை. சொல்லியிருந்தா நானும் பாத்துப் பேசியிருப்பேன்ல?

அதுக்கு இல்ஸே சொல்றா, "நாகா, அக்னெஸே அந்தக் குழந்தைகிட்ட ஒரு பொய் கூடச் சொல்லக் கூடாதுன்னு இருந்தா. குணமாயிருவேன்னு சொன்னதில்லை. திரும்பி வருவேன்னு ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. அவ்வளவு கவனமா இருந்தா." சொல்லிட்டு என்னையே பாக்கறா. நான் என்ன பண்ணுனேன்? ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக் குடுத்தேன். அதுக்குத்தானே என்னை வரச் சொன்னாங்க.

லீவா மறுபடி பள்ளிக்கு வந்துச்சு. அங்கெல்லாம் உள்ள வந்தா பூட்ஸு, கோட்டு, தொப்பி எல்லாத்தையும் கழட்டி அவங்கவங்க கொக்கியில மாட்டிட்டு, உள்ளுக்குப் போடற செருப்பை மாத்திக்கணும். இவ எதையும் கழட்டலை. பூட்ஸோட வந்து கதவுக்கு நேரா உக்காந்துக்கிட்டா. அவங்கம்மா கோட்டைக் கொண்டாந்து தன்னோட கொக்கியில மாட்டிட்டா. ஸ்டாரு அப்படியே இருந்துச்சுங்க. ஏன் லீவா பூட்ஸு கழட்டலைன்னு கேட்டா, அம்மா வந்தா உடனே கெளம்பணுமாம். அம்மா செத்துட்டாங்கன்னு அவங்கப்பா சொல்லியாச்சு, சவ அடக்கத்துக்கும் கூட்டிட்டுப் போயாச்சு. "மாமா செட் கோ அண்ட் கம்"னு அதையே சொல்றா. அழுகை கிழுகை ஒண்ணுமில்லை. ரொம்பத் தெளிவா இருந்தா.

அந்தத் தாழ்வாரத்துல சென்சார் லைட்டு. ஆளு நடந்தா எரியும், இல்லைன்னா அணைஞ்சிரும். குளிர்காலத்துல அங்க நாலு மணிக்கே இருட்டிரும். ஒரு நாளு மத்த குழந்தைங்கெல்லாம் போயாச்சு, நானும் லீவாவும் மட்டும் உள்ள உக்காந்து படத்துக்கு வர்ணம் அடிச்சிட்டிருக்கோம். வெளிய லைட்டு எரியுது. கண்ணாடிக் கதவு வழியாப் பாக்கறேன், யாரும் இல்லை. கோட்டு மட்டும் தொங்குது. இந்தப் புள்ள பென்சிலைக் கீழ வெச்சுது, தொப்பியக் காது வரைக்கும் இழுத்து விட்டுது, எந்திரிச்சு நின்னுது. கொஞ்ச நேரத்துல லைட்டு அணைஞ்சுது. மறுபடி உக்காந்து பென்சிலை எடுத்துக்கிட்டா, என்னமோ பஸ்ஸு நிக்காமப் போன மாதிரி. சென்சாரு பழுதாயிருக்கும். அந்த ஊர்ல ஈரம் ஜாஸ்தி.

இல்ஸேதான் கேட்டா. "உன்னோட வார்த்தை அது. யார் சொன்னாலும் நம்ப மாட்டேங்கறா. அது சும்மா 'பை' மாதிரிதான், அம்மா வர மாட்டாங்கன்னு நீ சொல்லு, நாகா. நீ சொன்னாத்தான் எடுபடும்." சரின்னுதாங்க போனேன். மனசுல எல்லாத்தையும் இங்கிலீஷ்ல அடுக்கிட்டுத்தான் போனேன். அவ பக்கத்துல அந்தக் குட்டி நாற்காலியில முட்டியை மடக்கிட்டு உக்காந்தேன். அவளாக் கேட்டா: "மிஸ், மாமா கம்?"

வாய் வரலீங்க. நீங்களே சொல்லுங்க, நம்ம வாயில வருமா? நாம வெளக்கை அணைன்னு கூடச் சொல்ல மாட்டோம், குளிர வைன்னுதான் சொல்லுவோம். பானையில ஒரு பொட்டு அரிசி இல்லைன்னாலும் நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். அப்படி வளந்தவ, ஒரு குழந்தை மூஞ்சியப் பாத்து, உங்கம்மா வர மாட்டாங்கன்னு எப்படிங்க சொல்றது? "எஸ், லீவா. மாமா வில் கம்"னுட்டேன். சிரிச்சுதுங்க. அந்தப் பல்லு இல்லாத வாயோட. அவங்கம்மா போனதுக்கப்பறம் அது சிரிச்சது அன்னைக்குத்தான். சிரிக்க வெச்சது நானு.

கதவோரம் நின்னு இல்ஸே கேட்டுட்டா. அன்னைக்குச் சாயங்காலமே, இனி பள்ளிக்கு வர வேண்டாம்னுட்டாங்க. நன்றி கூடச் சொன்னாங்க. நல்ல நாகரிகம்.

அதோட விட்டாங்களா, இல்லை. அந்த ஊர்ல நவம்பர் மாசத்துல ஒரு வழக்கம். எல்லாக் குடும்பமும் பொழுது சாயற நேரத்துக்கு இடுகாட்டுக்குப் போயி, அவங்கவங்க சமாதியில மெழுகுவத்தி ஏத்துவாங்க. நம்ம அமாவாசை மாதிரின்னு வெச்சுக்கங்க. இல்ஸே கூப்பிட்டா. "லீவாவும் வருவா. சமாதியக் காட்டி ஒரு வார்த்தை சொல்லு. இன்னொரு வாட்டி முயற்சி பண்ணு." பொம்பளைங்க நாம அங்கெல்லாம் போறமா? இருந்தாலும் போனேன். புள்ளையப் பாக்கணும் போல இருந்துச்சு.

பைன் மரக் காடு அது. மரத்துக்கு மரம் கீழ வெளிச்சம், சனம் குசுகுசுன்னு பேசுது. அவங்கப்பா மண்ணு மேல மண்டி போட்டு வத்தி ஏத்தறாரு. லீவா சமாதிக்கு முதுகு காட்டி நிக்கறா. வாசலையே பாத்துட்டு நின்னவ என்னைப் பாத்ததும் ஓடியாந்து கையப் புடிச்சுக்கிட்டா. கத்துக்கிட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக் காட்டுனா. கேண்டில், ட்ரீ, கோல்ட். நான் நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னேன். இல்ஸே கண்ணைக் காட்டிட்டே இருந்தா. எனக்கு அங்க நிக்கவே முடியலை. கையை உருவிக்கிட்டுத் திரும்பி நடந்தேன்.

பின்னாடி இருந்து கேட்டா. "மிஸ்! கோ அண்ட் கம்?"

நான் சொல்லிக் குடுத்ததை நான் சொல்லணும்னு காத்து நிக்கறா. எப்படிங்க சொல்றது? இடுகாட்டுல நின்னு வர்றேன்னு சொல்லலாமுங்களா? நம்ம சனத்துல யாராவது சொல்லுவாங்களா? திரும்பிப் பாக்கவும் கூடாதில்ல? நான் நடந்தேன். "மிஸ், கோ அண்ட் கம்? மிஸ்?" வாசல் வரைக்கும் கேட்டுட்டே இருந்துச்சு. வெளிய ரோட்டுக்கு வந்தப்பறமும் கேட்டுச்சு. ஹாஸ்டல் ரூம்ல கதவைப் பூட்டறப்பவும் கேட்டுச்சு.

படிப்பு முடிஞ்சு ஊருக்கு வந்துட்டேன். கல்யாணமாச்சு. நல்லபடியா இருக்கறோம், ஒரு கொறையும் இல்லை. இல்ஸேதான் அப்பப்பக் கூப்பிடுவா. மெழுகுவத்தி ஏத்துன அன்னைக்கு ராத்திரி லீவா அவங்கப்பாகிட்ட என்ன சொன்னாள்னு அவதான் சொன்னா. "மிஸ் சொல்லாமப் போறாங்க. அதனால மிஸ் வர மாட்டாங்க. அம்மா சொல்லிட்டுப் போனாங்க." அவ்வளவு வெவரங்க அந்தப் புள்ளைக்கு. நான் சொல்லிக் குடுத்ததை அப்படியே புடிச்சுக்கிட்டா.

போன வாரமும் கூப்பிட்டா. லீவா இப்பப் பெரிய ஸ்கூலுக்குப் போறாளாம். அங்கயும் பூட்ஸைக் கழட்டறதில்லையாம். டாக்டருங்க பேசிப் பாத்துட்டாங்க. நான் வராம இருக்கற ஒவ்வொரு வருசமும் அவளுக்கு அது நெசம்னு ஆகுதாம். 'மிஸ் சொல்லலை, மிஸ் வரலை. பாத்தீங்களா, அம்மா சொன்னாங்க'ங்கறாளாம். இல்ஸே அழுதுட்டே சொல்றா, "நீ ஒண்ணும் பேச வேண்டாம், நாகா. வந்து அவ முன்னாடி நில்லு. சொல்லாமப் போனவ வந்துட்டான்னு பாக்கட்டும். அப்பத்தான் சொல்லிட்டுப் போனவங்க வராமலும் இருப்பாங்கன்னு அவளுக்குப் புரியும். உன்னால மட்டும்தான் முடியும்."

எங்கூட்டுக்காரரு இளகுன மனசுக்காரரு. கேட்ட உடனே டிக்கெட்டுப் போட்டுட்டாரு, நீ போயி அந்தப் புள்ளையப் பாருன்னு. கோயமுத்தூர் ஏஜென்ட்டு ஆபீஸுக்குத்தான் இப்பப் போறேன். கேன்சல் பண்ண. அவருக்குத் தெரியாது, சாயங்காலம் சொல்லிக்கலாம்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? நான் அந்தப் புள்ளை நல்லதுக்குத்தானே சொல்றேன். இன்னைக்கு வரைக்கும் அவளுக்கு அவங்கம்மா உசுரோட இருக்காங்க. நான் போயி முன்னாடி நிக்கற அன்னைக்குத்தாங்க சாவாங்க.